மைண்ட்ஃபுல்னஸ் செயலி செவிலியர்களின் பணிச்சோர்வைக் குறைக்குமா? நிர்வாகத்திடம் என்ன சொல்வது?

கூடலூர் செவிலியர் கண்காணிப்பாளர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கூடலூர் வட்டத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராகப் பணிபுரிகிறேன். செவிலியர், ஆய்வக நுட்பநர், வார்டு உதவியாளர், தூய்மைப் பணியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என்று மொத்தம் 34 பேர் இருக்கிறோம். எங்கள் மனநலத்துக்காக மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நொடியில் மனத்தை நிறுத்திக் கவனிக்கும் பயிற்சி தரும் கைபேசிச் செயலி ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டலாம் என்று நிர்வாகக் குழு யோசிக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் என் கருத்தைக் கேட்கப்போகிறார்கள். அதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் பக்கத்து நிலைமையைச் சொன்னால்தான் கேள்வி விளங்கும். ஜூன் தொடங்கிவிட்டால் தென்மேற்குப் பருவமழை இங்கே நாள்கணக்கில் விடாமல் பெய்யும். மரம் விழுந்து பாதை அடைபட்டால் காலைப் பணிக்கு வரவேண்டியவர் வர முடியாது. இரவு முழுவதும் நின்றவரே பகலிலும் நிற்க வேண்டியிருக்கும். மழை இல்லாத மாதங்களிலும், சாலையில் யானை நிற்கிறது என்று தகவல் வந்துவிட்டால், மாலைப் பணி முடித்தவர்கள் வீட்டுக்குப் போக வழியில்லாமல் விடியும்வரை மருத்துவமனையிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

சென்ற மாதம் பிரசவத்துக்கு வந்த ஒரு தாயின் குழந்தை எங்கள் கையில் தங்கவில்லை. அன்று பணியில் இருந்த இளம் செவிலியர், அந்தத் தாய்க்குச் செய்ய வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் செய்து, பதிவேட்டையும் எழுதி முடித்துவிட்டு, துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பத்து நிமிடத்தில் முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த நோயாளிக்கு ஊசி போட்டார். அவரைத் தேடிப் போய் அருகில் உட்கார எனக்கு அன்று இயலவில்லை. அதே நேரத்தில் ஆண்கள் வார்டில் நான் ஒருத்தியாக நின்றேன். செயலி என்ற பேச்சு வந்ததிலிருந்து அந்தப் பத்து நிமிடம்தான் என் நினைவுக்கு வந்துகொண்டிருக்கிறது.

மூன்று வாரம் நானே ஒரு செயலியைப் பயன்படுத்திப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து படுக்கும் முன் கேட்ட இரவுகளில் தூக்கம் விரைவாக வந்தது என்பது உண்மை. ஆனால் அதில் பேசும் குரல் ஆங்கிலம். எங்கள் தூய்மைப் பணியாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் அது பயன்படாது. சிலர் வீட்டில் ஒரே கைபேசியை மூன்று பேர் பயன்படுத்துகிறார்கள். இப்படிப்பட்ட செயலிகள் மருத்துவப் பணியாளர்களுக்கு உதவுகின்றன என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறதா? வாங்கினால் எப்படிப் பயன்படுத்தச் சொல்வது? வாங்க வேண்டாம் என்றால் அதற்குப் பதிலாக எதைக் கேட்பது?

உதகை மனநல மருத்துவர்:

சகோதரி, உங்கள் கேள்வியில் இரண்டு வெவ்வேறு துன்பங்கள் கலந்திருக்கின்றன. அவற்றை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் மாற்று ஆள் இல்லாமல் நின்று நின்று வருவது பணிச்சோர்வு. குழந்தை இறந்த அன்று அந்த இளம் செவிலியர் அடைந்தது துக்கம். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

பணிச்சோர்வை அளக்க 1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வெளியிட்ட அளவுகோல் அதை மூன்று கூறுகளாகப் பார்க்கிறது: உணர்ச்சி வற்றிப்போவது, நோயாளியை ஒரு மனிதராகக் காண இயலாமல் மனம் விலகிப்போவது, தான் செய்யும் வேலையால் ஒன்றும் ஆவதில்லை என்று தோன்றத் தொடங்குவது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பணிச்சோர்வைச் சேர்த்தபோது, அதை நோய் என்று சொல்லவில்லை. சரிவரக் கையாளப்படாத, நீடித்த பணியிட அழுத்தத்தால் விளையும் தொழில்சார் நிலை என்றே வரையறுத்தது. நிர்வாகக் குழுவிடம் பேசும்போது இந்த வரையறையை அப்படியே படித்துக் காட்டுங்கள். காரணம் பணியிடத்தில் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லும்போது, தீர்வை முழுக்க முழுக்கப் பணியாளரின் கைபேசிக்குள் வைக்க முடியாது.

இனி ஆதாரத்துக்கு வருகிறேன். இன்றைய மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சிகளில் பலவற்றுக்கு மூலம், ஜான் கபாட்-ஜின் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி. வாரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆசிரியருடன் வகுப்பு, வீட்டில் நாள்தோறும் சுமார் முக்கால் மணி நேரம் பயிற்சி என்பது அதன் அமைப்பு. செயலிகள் அதைப் பத்து நிமிடமாகச் சுருக்கித் தருகின்றன. சுருக்கியதற்கு ஏற்ப பலனும் சுருங்கும் என்பதே என் கருத்து. ஆனால் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை ஊழியர்கள் 2,000-க்கும் மேற்பட்டோரிடம் ஹெட்ஸ்பேஸ் என்ற மைண்ட்ஃபுல்னஸ் செயலியைச் சோதித்து 2022-ல் வெளியான ஆய்வு, சாதாரண மனநல இணையதளத்தைப் பயன்படுத்தியவர்களைவிடச் செயலியைப் பயன்படுத்தியவர்களுக்கு மன அழுத்தம் சற்றே அதிகமாகக் குறைந்ததாகக் காட்டியது. வேறுபாடு சிறியது, ஆனாலும் இருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங் 2024-ல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்களைப் பார்த்தது. செயலி, மன உறுதிப் பயிற்சி போன்ற தனிநபர் திட்டங்களில் பங்கேற்றவர்கள், பங்கேற்காதவர்களைவிட நலமாக இருந்ததாக அதில் தெரியவில்லை. ஒரே காலகட்டத்தில் கேட்டுப் பெற்ற பதில்கள் என்பதால், ஏற்கெனவே துன்பத்தில் இருந்தவர்களே அதிகம் சேர்ந்திருக்கலாம் என்ற ஐயத்துக்கு இடம் உண்டு. எனினும், சந்தா கட்டிவிட்டோம், கடமை முடிந்தது என்று எந்த நிர்வாகமும் நினைக்க அது இடம் தரவில்லை. இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும்: 93 மனநலச் செயலிகளின் பயன்பாட்டை அலசிய 2019-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பதிவிறக்கி 30 நாள் ஆன பிறகும் அவற்றைத் திறந்தவர்களின் இடைநிலை விகிதம் 3.3 விழுக்காடுதான். உங்கள் 34 பேரில் அது ஒருவர் என்றாகும். 34 பேருக்கும் ஓராண்டுச் சந்தா கட்டும் முன் குழு இதை எண்ணிப் பார்க்கட்டும்.

செயலியே இல்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதம் நாளுக்கு 5 நிமிடம், மூச்சை இருமுறை அடுத்தடுத்து உள்ளிழுத்து நீளமாக வெளிவிடும் பயிற்சியைச் செய்தவர்களுக்கு, அதே நேரம் மைண்ட்ஃபுல்னஸ் தியானம் செய்தவர்களைவிட மனநிலை கூடுதலாக மேம்பட்டது. இதற்குக் கைபேசி தேவையில்லை. ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

அந்த இளம் செவிலியரைப் பற்றி ஒரு சொல். அவருக்கு அன்று தேவைப்பட்டவர் அருகில் உட்கார்ந்து, "நீ செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்தாய் அம்மா" என்று சொல்லக்கூடிய ஒரு மூத்தவர். ஆகவே நிர்வாகம் உங்களிடம் எந்தச் செயலி நல்லது என்று கேட்டால், நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது: ஒருவர் பத்து நிமிடம் கண்மூடி உட்காரும்போது அவருடைய நோயாளிகளின் அருகில் யார் நிற்பார்?

குந்தா பகுதி கிராம சுகாதார செவிலியர்:

டாக்டர் கடைசியில் கேட்ட கேள்விக்குக் களத்தில் எங்களுக்கு விடையே கிடையாது. ஏனென்றால் எங்கள் துணை சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் ஒருவர்தான் இருப்போம். அதனால் என் அனுபவத்தையும் எழுதுகிறேன், அக்கா. உங்கள் ஓட்டுநர்களுக்கும் வெளிக்களப் பணியாளர்களுக்கும் அது பயன்படலாம்.

நான் ஒரு செயலியை எட்டு மாதமாக வைத்திருக்கிறேன். மஞ்சூரைத் தாண்டிவிட்டால் பல வளைவுகளில் கைபேசிக்குச் சிக்னல் இருக்காது. ஒலிப்பதிவு பாதியில் நின்றால், கேட்காமல் இருந்ததைவிட எரிச்சல் கூடும். ஆகவே வீட்டிலேயே இரண்டு பதிவுகளைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, மாலையில் திரும்பும் பேருந்தில் காதில் மாட்டிக்கொள்கிறேன். காலையில் ஒருபோதும் கேட்பதில்லை. காலையில் என் மனம் அன்று பார்க்க வேண்டிய கர்ப்பிணிகளின் பட்டியலில் இருக்கும். அதை அங்கிருந்து இழுத்துவர முயன்றால் இரண்டும் கெடும்.

எனக்குத் தொந்தரவாக இருந்தது ஒன்று உண்டு. தொடர்ந்து எத்தனை நாள் பயிற்சி செய்தோம் என்று அந்தச் செயலி எண்ணிக் காட்டும். ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பிக்மி எனப்படும் கர்ப்பிணிகள் பதிவு, தடுப்பூசிப் பதிவு, மாத அறிக்கை என்று எங்களை எண்ணிக்கொண்டே இருக்கும் பணியில், ஓய்வுக்கென்று வந்த பொருளும் எண்ணத் தொடங்கியபோது அது எனக்கு இன்னொரு பதிவேடாகத்தான் தெரிந்தது. அறிவிப்புகளையும் நாள் எண்ணிக்கையையும் அமைப்புகளுக்குள் போய் நிறுத்தினேன். அதன் பிறகுதான் அதை விருப்பத்தோடு திறக்க முடிந்தது. வாங்கினால், முதல் நாளே எல்லோருடைய கைபேசியிலும் இதை நிறுத்திக் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு அதிகம் உதவியது செயலியில் கற்றுக்கொண்டு செயலிக்கு வெளியே செய்வது: கை கழுவுதல். சோப்புப் போட்டு முறைப்படி கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும் என்று பயிற்சியில் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு நிமிடம் யாரும் என்னைக் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் "கை கழுவுகிறேன்" என்றால் பொறுத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் அடுத்த வேலையை நினைக்காமல், தண்ணீர் படுவதை மட்டும், விரலிடுக்கு, மணிக்கட்டு என்று கவனிக்கிறேன். மார்கழியில் இங்கே குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கும். கவனிக்காமல் இருக்கவே முடியாது. முன்பு முந்தைய வீட்டில் பார்த்த நோயாளியின் கவலையை அடுத்த வீட்டுக்கும் சுமந்துகொண்டு போவேன். இப்போது அந்தக் கவலை சற்றுக் குறைவாகவே என்னோடு வருகிறது.

பெருமாள்மலையிலிருந்து, ஓய்வுபெற்ற வார்டு செவிலியர்:

கொடைக்கானல் மலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பெருமாள்மலையில் 1996 முதல் போதி ஜெண்டோ என்ற ஜென் தியான மையம் இருக்கிறது. அதை நிறுவிய ஆமா சாமி ஒரு யேசு சபைத் துறவியும் ஜென் ஆசிரியரும் ஆவார். ஓய்வு பெற்ற பிறகு அங்கே சில முறை போய் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் ஏறத்தாழ ஓராண்டு செயலி வழியாகவும் பயின்றேன். இரண்டையும் அறிந்தவள் என்ற முறையில், இதுவரை யாரும் சொல்லாத ஓர் எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

கண்மூடி மூச்சைக் கவனிப்பது எல்லோருக்கும் அமைதி தராது. கொரோனா இரண்டாம் அலையின்போது சமவெளியில் ஒரு மருத்துவமனையின் கொரோனா வார்டில் இருந்தேன். பிறகு செயலியில் "மூச்சைக் கவனியுங்கள்" என்று சொல்லக் கேட்டுக் கண்ணை மூடினால், என் மூச்சு தெரியவில்லை. மூச்சுக்குத் திணறியவர்கள்தான் தெரிந்தார்கள், கருவிகளின் எச்சரிக்கை ஒலிதான் கேட்டது. நெஞ்சு படபடத்து எழுந்துவிடுவேன். நான் சரியாகச் செய்யவில்லை போலும் என்று எண்ணி, மறுநாள் இன்னும் அதிக நேரம் உட்கார்ந்தேன், நிலைமை மோசமானது. செயலியின் குரலுக்கு என் முகம் தெரியாது. அது அதே இனிமையோடு "மறுபடியும் மூச்சுக்குத் திரும்புங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

ஜென் முறையில் கண்ணைப் பாதி திறந்து, பார்வையைத் தரையில் பதித்துத்தான் உட்காருவார்கள். இடையிடையே மெதுவாக நடப்பார்கள். ஆசிரியரைத் தனியாகச் சந்தித்துப் பேசவும் நேரம் உண்டு. என் நிலையைச் சொன்னபோது, மூச்சை விட்டுவிடுங்கள், பாதம் தரையைத் தொடுவதை மட்டும் கவனியுங்கள், வேண்டாம் என்று தோன்றினால் எழுந்து நடங்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. எழுந்துகொள்ளலாம் என்ற அந்த அனுமதிதான் என்னை மறுபடி உட்கார வைத்தது.

ஆகவே அம்மா, உங்கள் பணியாளர்களுக்கு எதைக் கொடுத்தாலும் கண் திறந்தபடி செய்யலாம், நடந்தபடி செய்யலாம், பிடிக்காவிட்டால் நிறுத்தலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன, தூக்கம் பல வாரமாகக் கெட்டிருக்கிறது, உயிரோடு இருப்பதே பாரமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவரைச் செயலியின் பக்கம் அனுப்பாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணை நோயாளிகளுக்காகச் சுவரில் ஒட்டுகிறோம். பணியாளர்கள் உடை மாற்றும் அறையிலும் ஒட்ட வேண்டும்.

டாக்டர் ஐயாவோடு ஓர் இடத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அவர் ஒருவர் தனியாக உட்காருவதை வைத்துப் பேசினார். நான் பார்த்தவரை, வேலை செய்யும் பெண்கள் தனியாக உட்கார மாட்டார்கள். தனக்கென்று பத்து நிமிடம் எடுத்துக்கொள்வதைக் குற்றம் போல நினைப்பார்கள். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அந்தக் கூச்சம் போய்விடும். பணி ஒப்படைக்கும் நேரத்தில் இரண்டு குழுவும் ஒரே இடத்தில் இருக்குமே, அதைப் பயன்படுத்திப் பாருங்கள்.

குன்னூர் மருத்துவமனை நிர்வாகப் பணியாளர்:

ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன், மேடம். சந்தாவை நிறுவனம் கட்டும்போது, யார் எத்தனை முறை திறந்தார், எந்தப் பகுதியைக் கேட்டார் என்ற விவரம் நிறுவனத்துக்குப் போகுமா என்று எழுத்தில் கேளுங்கள். "பதற்றம்", "தூக்கமின்மை" என்ற தலைப்புகளை ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்பதே அவருடைய மனநிலையைக் காட்டிக்கொடுக்கும் தகவல்தான். மொத்த எண்ணிக்கை மட்டும் வரலாம், ஆள்வாரியாக எதுவும் வரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் தரவைப் பயன்படுத்தத் தரும் ஒப்புதல் கட்டாயமில்லாமல் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. மேலதிகாரி சொன்னதற்காகப் பதிவிறக்கினால் அதை எப்படி மனமொப்பித் தந்தது என்பது? பயன்பாட்டைப் பணி மதிப்பீட்டோடு எந்தக் காலத்திலும் இணைக்கக் கூடாது.

34 பேருக்கும் வாங்குவதற்கு முன், விரும்பும் ஐந்தாறு பேர் கட்டணமில்லாத செயலி ஒன்றை இரண்டு மாதம் பயன்படுத்திப் பார்க்கட்டும். இன்சைட் டைமர், மெடிட்டோ என்ற செயலிகளில் கட்டணமின்றியே நிறையப் பயிற்சிகள் இருக்கின்றன. மிச்சமாகும் பணத்தில் மழை மாதங்களுக்கு மட்டும் ஒரு மாற்றுச் செவிலியரை வைக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கூடலூர் செவிலியர் கண்காணிப்பாளர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கூட்டம் நேற்று முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

நோய் வகைப்பாட்டின் வரையறையைப் படித்துக் காட்டினேன். பிறகு டாக்டர் சொன்ன கேள்வியைக் கேட்டேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. ஓராண்டுச் சந்தாவை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதங்களுக்கு மருத்துவமனைக்கு அருகிலேயே குடியிருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரைத் தினக்கூலி அடிப்படையில் அழைத்துக்கொள்ள ஒப்புதல் கிடைத்தது. இரண்டு பேரைக் கேட்டேன், ஒருவருக்குத்தான் ஒப்புக்கொண்டார்கள். அவருடைய பெயரைப் பணிப் பட்டியலில் நிரந்தரமாக ஒரு வரியில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அப்படி எழுதாவிட்டால் அவசரத்தில் அவரை எங்காவது அனுப்பிவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடம் மறுபடியும் யாருக்கும் இல்லாமல் போய்விடும்.

இறப்பு நேர்ந்த நாளில், பணியில் இருந்தவரோடு ஒரு மூத்த செவிலியர் உட்கார்ந்து பேசிய பிறகே அவர் அடுத்த நோயாளியிடம் போக வேண்டும் என்பதையும் நடைமுறையாக எழுதிக்கொண்டோம். இளம் செவிலியரிடம் நான் தனியாகப் பேசினேன்; தாமதமானாலும் பேசியது நல்லது என்றே தோன்றுகிறது. துணி அடுக்கும் அறையில் ஒரு பெஞ்சு போடலாம் என்று சொன்னவர் அவர்தான். நேற்று மாலையே போட்டுவிட்டோம்.

மொழிப் பிரச்சினைக்கு ஒரு வழி தெரிந்திருக்கிறது. கண் திறந்தபடி, பாதத்தைக் கவனித்தபடி செய்யும் ஐந்து நிமிடப் பயிற்சி ஒன்றை எங்கள் செவிலியர் ஒருவரின் குரலிலேயே தமிழில் பதிவு செய்யப்போகிறோம். இன்னொருவர் மலையாளத்தில் பேச முன்வந்திருக்கிறார். எங்கள் வார்டு உதவியாளர்களில் இருவர் பணியர் என்ற பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். தங்கள் மொழியில் தாங்களே பேசித் தருவதாகச் சொல்கிறார்கள். பெருமாள்மலை அம்மா, பதிவு செய்யும் முன் தமிழ் வாசகத்தை உங்களுக்கு அனுப்பினால், பழைய நினைவைக் கிளறக்கூடிய சொல் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துத் தர முடியுமா?

பெருமாள்மலையிலிருந்து, ஓய்வுபெற்ற வார்டு செவிலியர்:

கட்டாயம் அனுப்புங்கள் அம்மா. "ஆழமாக மூச்சு விடுங்கள்" என்ற வரி அதில் இருந்தால், அனுப்பும் முன்பே எடுத்துவிடுங்கள். "கால் தரையில் படுகிறதா என்று பாருங்கள்" என்று தொடங்கினால் போதும்.